ஒரு யுகத்தின் நாட்களும் அவ்வெண்ணின் வகுத்திகளும்

திருத்தணிகை மலைமேல் கோயில் கொண்டுள்ள முருகப்பெருமானைத் தரிசிக்க அடிவாரத்திலிருந்து ஏறிச் செல்லும் படிகள் 365 என்று கூறி, அவற்றை ஓர் ஆண்டின் நாட்களாகப் பாவிப்பது அவ்வூரின் மரபு. வள்ளிமலைத் திருப்புகழ் சுவாமிகள் தொடங்கிவைத்த திருப்படித் திருவிழாவில், டிசம்பர் 31-ஆம் தேதி, அடியார்கள் படிதோறும் பூசை செய்து, அருணகிரிநாதரின் திருப்புகழைப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். கணிதக் கண்கொண்டு பார்த்தால் 365 எளிய எண்தான். 5, 73 என்னும் இரண்டு பகா எண்களின் பெருக்கமாகிய அதற்கு ஒன்றையும் தன்னையும் சேர்த்து நான்கே வகுத்திகள் உண்டு. ஆயினும் 10, 11, 12 ஆகிய மூன்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் 365, அவற்றை அடுத்து வரும் 13, 14 ஆகிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் 365 என்னும் அழகு அதற்கு வாய்த்திருக்கிறது. ஆனால் ஆண்டு என்பது 365 நாட்களோடு முடிவதில்லை. அதற்கு அப்பால் எஞ்சி நிற்கும் ஏறத்தாழக் கால் நாளை எவ்வாறு எண்ணுவது, அதைப் பின்னமின்றி முழு எண்ணாகச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய எண் வேண்டும், அத்தகைய பேரெண்ணின் இலக்கணம் யாது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வினாக்களை ஆராய்வதற்குத் திருத்தணியைப் போன்று பொருத்தமான ஊர் வேறொன்று கிடைப்பது அரிது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வரையில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாகச் சென்னை ராஜ்யத்தோடு இணைந்த இவ்வூரில், சூரியன் மேஷ ராசியில் புகும் வேளையைக் கொண்டு ஆண்டைத் தொடங்கும் தமிழர் மரபும், சைத்திர மாதத்து வளர்பிறைப் பிரதமையைக் கொண்டு யுகாதி காணும் தெலுங்கர் மரபும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்துவருகின்றன. ஒன்று சூரியனை மட்டும் கணக்கிடுவது. மற்றொன்று சூரியனையும் சந்திரனையும் ஒருசேரக் கட்டிப் பிடிக்க முயல்வது. இவ்விரண்டுக்கும் அடிப்படையாக நிற்பவை பழைய வானநூல்களில் சொல்லப்பட்ட சில பேரெண்கள் என்பதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கத்தின்படி ஓர் ஆண்டுக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. இவ்வளவு நுட்பமான அளவு ஏதோ ஒரு கருவியைக் கொண்டு நேரே அளந்து பெறப்பட்டது என்று கருதலாகாது. அது ஒரு வகுத்தலின் விடை. ஒரு சதுர்யுகத்தில் அடங்கும் 157,79,17,500 நாட்களை, அந்தச் சதுர்யுகத்தின் 43,20,000 ஆண்டுகளால் வகுத்தால் மேற்சொன்ன அளவு தற்பரை கூடப் பிசகாமல் கிடைக்கும். இதில் வகுக்கப்படும் எண்ணாகிய 157 கோடியே 79 லட்சத்து 17 ஆயிரத்து 500 என்பதே நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட பேரெண்.

அதை உலகுக்கு அளித்தவர் ஆர்யபடர். கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவரே கூறியிருப்பதால், அவர் கி.பி. 476-இல் பிறந்தவர் என்பதும், அவர் குறிப்பிடும் காலம் 499 என்பதும் ஐயமற்றவை. ஆனால் இந்நாட்கணக்கை அவர் நேரே சொல்லவில்லை. பூமி ஒரு யுகத்தில், அதாவது ஒரு சதுர்யுகத்தில், 158,22,37,500 முறை தன்னைத்தானே சுற்றுகிறது என்றும், சூரியன் 43,20,000 முறை வலம் வருகிறது என்றும் கூறி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். விண்மீன்களை நோக்கிப் பூமி சுழலும் எண்ணிக்கைக்கும், சூரியனை நோக்கி விடியும் நாட்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வேற்றுமை ஆண்டுக்கு ஒன்று என்பதைத் தெளிவாகக் கண்டவர் எழுதிய எழுத்து அது. பூமி சுழல்கிறது என்னும் கருத்தைப் பிற்கால ஆசிரியர் பலர் ஏற்க மறுத்தார்களாயினும், அதிலிருந்து பிறந்த நாட்கணக்கை மட்டும் விடாது பற்றிக்கொண்டார்கள்.

எண்களை அவர் செய்யுளில் அடக்கிய முறையும் குறிப்பிடத்தக்கது. ககர வருக்கத்தின் இரண்டாம் எழுத்துக்கு 2, நான்காம் எழுத்துக்கு 4, யகரத்துக்கு 30 என மெய்களுக்கு மதிப்பு வைத்து, அவற்றின் மேல் ஏறும் உகரத்துக்குப் பதினாயிரம், ரு என்னும் வடமொழி உயிருக்குப் பத்து லட்சம் என இடமதிப்பு வைத்தார். ஆகவே, இரண்டும் முப்பதும் உகரத்தோடு சேர்ந்து 3,20,000 ஆகவும், நான்கு மற்றை உயிரோடு சேர்ந்து 40,00,000 ஆகவும், இரண்டே அசைகளில் 43,20,000 முழுவதும் அடங்கிவிட்டது. ஏடும் எழுத்தாணியும் அருமையாயிருந்த காலத்தில் பேரெண் ஒன்று மனத்தில் தங்குவதற்கு இதைவிடச் சுருக்கமான உறைவிடம் அமைத்தல் இயலாது.

இனி அவ்வெண்ணைப் பகுத்துப் பார்ப்போம். 157,79,17,500 என்பது இரட்டைப்படை எண், பகு எண். அதன் பகாக் காரணிகள் 2, 3, 5, 61, 3449 ஆகிய ஐந்தே. இவற்றுள் 2 இருமுறையும், 5 நான்கு முறையும், ஏனையவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஆகவே அதற்கு வகுத்திகள் 120. தன்னை ஒழித்து ஏனைய வகுத்திகளைக் கூட்டினால் 309,96,47,700 வருகிறது. வகுத்திகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாயின் நிறைவெண் என்றும், குறைந்தால் குறைவெண் என்றும், மிகுந்தால் மிகையெண் என்றும் கிரேக்கர் காலந்தொட்டு வகுத்துவரும் பாகுபாட்டில், இது தன்னைப் போல் ஏறக்குறைய இருமடங்கு கூட்டுத்தொகையுடைய மிகையெண். 365 என்னும் எண்ணோ, தன் சிறு வகுத்திகளைக் கூட்டினால் 79 மட்டுமே தருகின்ற குறைவெண்.

இலக்கங்களைக் கூட்டி அக்கூட்டுத்தொகையால் வகுபடுமா என்று பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. அவ்வாறு வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத எண்கள் என்று பெயரிட்டவர், நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்த காப்ரேகர். 43,20,000-இன் இலக்கங்களைக் கூட்டினால் 9, அது வகுபடுகிறது. யுக நாட்களின் இலக்கங்களைக் கூட்டினால் 42, அது வகுபடவில்லை. இத்தகைய பாகுபாடு நாம் பத்தின் அடுக்குகளில் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. எட்டின் அடுக்குகளில் எண்ணும் ஒருவனுக்கு இதே எண் வேறு இலக்கங்களை அணிந்து நிற்கும். வகுத்திகளோ எவ்வகையில் எழுதினும் மாறாதவை. ஆதலின் ஓர் எண்ணின் இயல்பை அறிய விரும்புவோர் வகுத்திகளையே முதற்கண் நாட வேண்டும் என்பது என் துணிபு.

அவ்வாறு நாடும்போது ஒரு விசேஷம் வெளிப்படுகிறது. 1917-இல் ஹார்டியும் நம் ராமானுஜனும் சேர்ந்து ஓர் எண்ணுக்கு இயல்பாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்னும் வினாவை ஆராய்ந்து, அது அவ்வெண்ணின் மடக்கைக்கு மீண்டும் மடக்கை காண்பதால் வரும் தொகையை ஒட்டியே பெரும்பாலும் அமையும் என்று நிறுவினார்கள். நாம் எடுத்துக்கொண்ட அளவுள்ள எண்களுக்கு அத்தொகை மூன்றைச் சற்றே கடக்கிறது. திரும்பத் திரும்ப வருவனவற்றையும் எண்ணினால் நான்கு வரலாம். ஆர்யபடரின் எண்ணுக்கோ வெவ்வேறு காரணிகள் ஐந்து. திரும்ப வருவனவற்றையும் சேர்த்தால் ஒன்பது. இயற்கையில் தற்செயலாக எடுத்த எண் இவ்வளவு எளிதில் பகுபடுவது அபூர்வம். இதைச் செய்தவர் ஒரு நோக்கத்தோடு செய்தார் என்பதற்கு அதன் காரணிகளே சாட்சி. அதை 7,500 x 2,10,389 என்று இரு கூறாக எழுதினால் அந்நோக்கம் விளங்கும். 2, 3, 5 ஆகிய சிறு பகா எண்களால் மட்டுமே ஆன 7,500 என்னும் கூறு மனிதன் தன் கணக்கின் சௌகரியத்துக்காகச் சேர்த்தது. 61, 3449 என்னும் முரட்டுக் காரணிகளைக் கொண்ட 2,10,389 என்னும் கூறு வானம் கொடுத்தது.

ராமானுஜனைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் இங்கே கூறிவிடுதல் நலம். 1915-இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, தனக்குக் குறைந்த எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளையுடைய எண்களைப் பற்றியது. அவற்றை உயர் பகு எண்கள் என்பர். அவர் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரையில் அத்தகைய எண்களைத் தம் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்தார். அந்த இறுதி எண்ணுக்கு 10,080 வகுத்திகள். அவ்வட்டவணையில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று என்பது, அப்பெருமுயற்சியின் அளவை உணர்ந்தவர்க்கு வியப்பையே தரும். இனி, யுகத்தின் ஆண்டுகளாகிய 43,20,000 உயர் பகு எண்ணா என்று கேட்டால், அன்று. அதற்கு 180 வகுத்திகளே உண்டு. ஆனால் 4,320-ஐ ஆயிரத்தால் பெருக்காமல் ஆயிரத்தொன்றால் பெருக்கினால் வரும் 43,24,320 அந்த வரிசையைச் சேர்ந்தது. அதற்கு 384 வகுத்திகள். காரணம் வெளிப்படை. ஆயிரம் என்பது 2, 5 ஆகிய இரண்டையே அடுக்கிக்கொண்டு போவது. ஆயிரத்தொன்றோ 7, 11, 13 என்னும் புதிய மூன்று பகா எண்களைக் கொண்டுவருவது. பழைய ஆசிரியர்கள் வகுத்திகளின் எண்ணிக்கையைப் பெருக்க விரும்பவில்லை. அறுபதின் கூறுகளும் பத்தின் அடுக்குகளும் எளிதில் வகுபட வேண்டும் என்பதையே விரும்பினார்கள். வட்டத்துக்கு 360 பாகை, நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை என்று அவர்கள் கையாண்ட அளவைகள் யாவும் 2, 3, 5 என்னும் மூன்றே பகா எண்களால் ஆனவை. 43,20,000-மும் அம்மூன்றால் மட்டுமே ஆனது.

ஆயினும் ஓர் எண்ணின் வகுத்திகளைத் தனியே எண்ணிப் பார்ப்பதைக் காட்டிலும், அது தன்னோடு இணைந்து நிற்கும் வேறோர் எண்ணோடு எவற்றைப் பொதுவாகக் கொண்டிருக்கிறது என்பதே காலக்கணிதத்துக்கு உயிரான செய்தி. யுக நாட்களுக்கும் யுக ஆண்டுகளுக்கும் மீப்பெரு பொது வகுத்தி 7,500. இரண்டையும் அதனால் வகுத்தால், ஒரு பக்கம் 2,10,389 நாட்களும் மறுபக்கம் 576 ஆண்டுகளும் நிற்கும். அதாவது 43,20,000 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. 576 ஆண்டுகளிலேயே பின்னம் யாவும் தீர்ந்து, நாட்கணக்கு முழு எண்ணாகிவிடும். பேரெண்ணுக்குள்ளே ஒளிந்திருந்த சிற்றெண் இதுவே. நம் பஞ்சாங்கக் கணிதர்கள் நாள்தோறும் கையாண்டது பெரியதையன்று, இச்சிறியதையே.

இந்த 576 செய்யும் காரியத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 576 ஆண்டுகளுக்கு 365 நாள் வீதம் போக எஞ்சுவன 149 நாட்கள். ஆகவே ஆண்டொன்றுக்கு மிகுவது நாளில் 576-இல் 149 கூறு. ஒரு கூறுக்கு ஆறேகால் விநாழிகை, அதாவது இரண்டரை நிமிஷம். ஆண்டுப் பிறப்பு ஒவ்வோர் ஆண்டும் இந்த 149 கூறுகள் பின்தள்ளிப்போய், ஒரு நாளின் 576 இடங்களில் ஏதேனும் ஒன்றில் வந்து விழும். அது எல்லா இடங்களிலும் விழுமா, சிலவற்றை மட்டும் சுற்றிச் சுற்றி வருமா? 149 பகா எண். 576 என்பதோ 24-இன் வர்க்கமாய் 2, 3 ஆகியவற்றால் மட்டும் ஆனது. இரண்டுக்கும் பொது வகுத்தி ஒன்றைத் தவிர இல்லை. இவ்வாறு 576-உடன் சார்பகாவாக நிற்கும் எண்கள் அதற்குக் கீழே 192-தாம் உண்டு. அவற்றுள் ஒன்றாக 149 அமைந்தமையால், சித்திரைப் பிறப்பு ஒரு நாளின் 576 இடங்களையும், ஒன்றையும் விடாமலும் ஒன்றையும் இருமுறை தொடாமலும், 576 ஆண்டுகளில் தொட்டு முடிக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அது 50 நிமிஷம் பின்தள்ளிப்போகிறது; 58 ஆண்டுகளில் 5 நிமிஷ வேற்றுமையோடு பழைய வேளைக்கே திரும்புகிறது. பிரபவ முதலிய பெயர்கள் திரும்பும் 60 ஆண்டுகளிலோ அது பன்னிரண்டரை மணி விலகி நிற்கும். பெயரின் சுற்றும் பொழுதின் சுற்றும் ஒன்றோடொன்று இசைவதில்லை.

இதற்குரிய சூத்திரம் எவரும் காகிதத்தில் செய்து பார்க்கத் தக்கது. கழிந்த கலியாண்டுகளை 2,10,389-ஆல் பெருக்கி, 1,237-ஐக் கழித்து, 576-ஆல் வகுத்தால் வரும் ஈவு கலி பிறந்தது முதல் கழிந்த நாட்கள்; மீதி அன்றைய சூரியோதயத்துக்கு மேல் ஆண்டு பிறக்கும் வேளை. 1,237-ஐக் கழிப்பது, சராசரிச் சூரியனுக்கும் உண்மைச் சூரியனுக்கும் உள்ள இரண்டு நாள் 8 நாழிகைச் சொச்ச இடைவெளியைத் தீர்ப்பதற்காக. குரோதி ஆண்டுக்குக் கழிந்த கலியாண்டு 5125. கணக்கிட்டால் ஈவு 18,71,948, மீதி 340. முந்நூற்று நாற்பது கூறுகள் 14 மணி 10 நிமிஷம். உதயம் காலை ஆறு என்று கொண்டால், 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி இரவு 8 மணி 10 நிமிஷத்துக்குக் குரோதி பிறந்தது. அடுத்த விசுவாவசுவுக்கு மீதி 340-உடன் 149-ஐக் கூட்டி 489. ஆகவே 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி விடியற்காலம் 2 மணி 22 நிமிஷத்தைத் தாண்டி அவ்வாண்டு பிறந்தது. ஒரு பேரெண்ணின் வகுத்திகள் இவ்வாறு திருத்தணித் தெருக்களில் வேப்பம்பூப் பச்சடி செய்யும் நாளை நிர்ணயிக்கின்றன.

யுகத்தின் நாட்கள் இத்தனைதாம் என்பதில் நம் ஆசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. ஆர்யபடருடையதே என்று கருதப்படும் மற்றொரு முறை, வராகமிகிரர் எடுத்துக்காட்டும் பழைய சூரிய சித்தாந்தத்தோடு ஒத்து, 157,79,17,800 என்று கொள்கிறது. பிற்காலச் சூரிய சித்தாந்தம் 157,79,17,828 என்கிறது. நூற்று ஐம்பத்தேழு கோடியில் முந்நூறோ முந்நூற்று இருபத்தெட்டோ மிகுந்தால் என்ன என்று கேட்கத் தோன்றும்; ஓர் ஆண்டுக்கு அது ஆறேழு வினாடி வேற்றுமைதான். ஆனால் வகுத்திகளின் உலகில் அந்த வேற்றுமை மிகப் பெரிது. 157,79,17,800-க்கும் யுக ஆண்டுகளுக்கும் பொது வகுத்தி 5,400. ஆகவே 800 ஆண்டுகளுக்கு 2,92,207 நாட்கள் என்னும் சுற்று பிறக்கிறது. 157,79,17,828-க்கோ பொது வகுத்தி வெறும் 4. ஆகவே 10,80,000 ஆண்டுகளுக்குக் குறைந்து அதன் பின்னம் தீராது. எண்கள் அருகருகே நிற்கின்றன. அவற்றின் சுற்றுகளோ 576, 800, 10,80,000 என்று எட்டாத தூரத்தில் விலகிவிடுகின்றன. ஒரு பேரெண்ணை அதன் பருமனைக் கொண்டு மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான பிரமாணம் வேண்டுவதில்லை.

எண்ணூறு ஆண்டுச் சுற்று கடல் கடந்தும் சென்றது. பர்மா, சயாம், கம்போஜம் ஆகிய நாடுகளின் பஞ்சாங்கங்கள் அதையே அடிப்படையாகக் கொண்டவை. 1687-இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் தூதராகச் சயாமுக்குச் சென்ற லா லூபேர், அந்நாட்டார் கையாண்ட கணித விதிகளைக் கொண்டுவர, பாரிஸில் வானநூல் வல்லுநராயிருந்த காசினி, காரணம் கூறாது விதிகளை மட்டும் அடுக்கியிருந்த அவ்வேட்டை ஆராய்ந்து, 800, 2,92,207 என்னும் இரண்டு எண்களின் பொருளைக் கண்டுபிடித்தார்.

ஆர்யபடருக்குரிய இரு எண்களுக்கும் இடையே கிடக்கும் 300 நாட்களுக்கும் ஒரு காரணம் உண்டு. இவ்வாராய்ச்சியில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது அதுவே. ஒரு முறையில் நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது. மற்றதில் நள்ளிரவில் தொடங்குகிறது. ஆகவே கலியின் தொடக்கமும் ஒன்றில் கி.மு. 3102 பிப்ரவரி 18-ஆம் தேதி வெள்ளிக்கிழமை உதயம். மற்றதில் அதற்கு ஆறு மணி முந்திய நள்ளிரவு. இனி 3,600 ஆண்டுகளுக்கு நாட்களைக் கணக்கிட்டால், உதய முறையில் 13,14,931 நாளும் கால் நாளும் வருகின்றன. நள்ளிரவு முறையில் 13,14,931 நாளும் அரை நாளும் வருகின்றன. உதயத்திலிருந்து கால் நாள் சென்றால் நண்பகல்; நள்ளிரவிலிருந்து அரை நாள் சென்றாலும் நண்பகல். இரண்டு முறைகளும் கி.பி. 499 மார்ச் 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், ஆர்யபடர் தம் வயதைச் சொன்ன அந்த ஆண்டில், ஒன்றோடொன்று வந்து சேர்கின்றன. யுகத்துக்கு 300 நாள் என்பது 3,600 ஆண்டுக்குச் சரியாகக் கால் நாள். நாளின் தொடக்கத்தை ஆறு மணி தள்ளிவைத்தபோது யுகத்தின் நாட்களை அதற்கேற்ப மாற்றித் தம் காலத்துச் சூரியனைப் பிசகாமல் காத்துக்கொண்டார். யுகத்தின் எண் பெரியதாயிருப்பது எல்லையற்ற பழமையை வருணிப்பதற்காக மட்டும் அன்று, தம் கண்முன் நின்ற வானத்தை முழு எண்களால் துல்லியமாகப் பொருத்துவதற்காகவே என்று நான் கருதுவதற்கு இதுவே தலையாய ஆதாரம்.

கிரகங்களின் சுற்றெண்களும் இதையே சொல்கின்றன. ஆர்யபடர் சதுர்யுகத்தை நான்கு சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10,80,000 ஆண்டுகள் வைத்தவர். கலி தொடங்கியபோது அவற்றுள் மூன்று கழிந்திருந்தன. அப்பொழுது எல்லாக் கிரகங்களும் மேஷத்தின் முதலில் கூடியிருந்தன என்று கொண்டமையால், ஒவ்வொரு கிரகத்தின் யுகச் சுற்றெண்ணும் நான்கால் வகுபட்டே தீரவேண்டும். செவ்வாயின் 22,96,824, வியாழனின் 3,64,224, சனியின் 1,46,564 ஆகிய யாவும் அவ்வாறே வகுபடுகின்றன. சந்திரனின் உச்சத்துக்கு மட்டும் 4,88,219 என்று ஒற்றைப்படை எண் அமைந்திருப்பது, அது கலியின் தொடக்கத்தில் 90 பாகையில் நின்றது என்று காட்டுவதற்காகவே.

எல்லைக்கு அப்பாலுள்ள யுகாதிக் கணக்குக்கு வருவோம். சந்திரன் ஒரு யுகத்தில் 5,77,53,336 முறை சுற்றுகிறது என்பது ஆர்யபடர் வாக்கு. அதிலிருந்து சூரியனின் சுற்றுகளைக் கழித்தால் 5,34,33,336 சாந்திர மாதங்கள். சௌர மாதங்களோ 5,18,40,000. மிகுந்து நிற்கும் 15,93,336-ம் அதிக மாசங்கள். இவ்வெண்ணுக்கும் யுக ஆண்டுகளுக்கும் பொது வகுத்தி 24 மட்டுமே. ஆகவே 1,80,000 ஆண்டுகளில் 66,389 அதிக மாசங்கள் வந்தால்தான் சூரியனும் சந்திரனும் பின்னமின்றி ஒருங்கே கணக்கு முடிக்க முடியும். சித்திரைப் பிறப்பின் சுற்று 576 ஆண்டுகளில் நிறைவுற, யுகாதியின் சுற்று மனித சரித்திரத்துக்குள் அடங்காதவாறு நீண்டுவிடுகிறது.

ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்களைக் கொண்டு புதிர்களை விடுவிக்கும் முறைக்கு நம் முன்னோர் குட்டகம் என்று பெயரிட்டார்கள். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த முதலாம் பாஸ்கரர், 576-ஐயும் 2,10,389-ஐயும் எடுத்துக்கொண்டு, 576-ஐ எதனால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,10,389-ஆல் மீதியின்றி வகுபடும் என்னும் கணக்கைச் செய்தார். விடை 94,602, ஈவு 259. பெருக்கினால் 5,44,90,752, ஒன்று கழிக்க 5,44,90,751, அது 2,10,389-இன் 259 மடங்கு. இந்த ஒரு விடை கையில் இருந்தால், சூரியன் நிற்கும் நிலையைக் கொண்டு கலி பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பின்னோக்கிச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவில் இவ்வகைச் சமன்பாடுகளுக்குப் பொதுவான தீர்வு பதினேழாம் நூற்றாண்டில்தான் அச்சேறியது. நம் நாட்டில் அது பஞ்சாங்கம் கணிப்போரின் அன்றாடக் கருவியாக இருந்தது.

அக்கணிதர்கள் எவ்வளவு எளிய சாதனங்களைக் கொண்டு இவ்வெண்களை ஆண்டார்கள் என்பதற்கு ஜான் வாரன் என்னும் அதிகாரி சாட்சி. 1825-இல் சென்னையில் வெளியான அவருடைய கால சங்கலிதம் என்னும் நூல் தென்னாட்டுக் கால அளவைகளை விரிவாக ஆராய்வது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளை நினைவிலிருந்தே சொல்லி, அவ்வாண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் அக்கணிதம் 4 நிமிஷமே பிசகிற்று. இடையில் 23 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிசகிற்று. சந்திரனின் நிலையைச் சொல்ல 248 நாட்களுக்கு வாக்கியங்கள், அவற்றுக்கு மேல் 3,031 நாட்களும் 12,372 நாட்களும் கொண்ட சுற்றுகள் என்று சிறு முழு எண்களாலேயே அம்மரபு கட்டப்பட்டிருந்தது. 1962-இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அம்மரபின் நூலாகிய வாக்கியகரணத்தைப் பதிப்பித்து வெளியிட்ட பிறகே அதன் முழு அமைப்பும் அறிஞர்களுக்குத் தெளிவாயிற்று.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன என்பதில் அறிஞர் இரு பிரிவாக நிற்கின்றனர். டேவிட் பிங்ரி கிரேக்க அட்டவணைகளிலிருந்து அவை வருவிக்கப்பட்டன என்றார். ரோஜர் பில்லார் 1971-இல் வெளியிட்ட நூலில், ஆர்யபடரின் கிரக நிலைகள் யாவும் கி.பி. 510-ஐ ஒட்டிய காலத்து வானத்தோடு மிக நெருங்கிப் பொருந்துவதைக் கணித்துக் காட்டி, அவை நேரிற்கண்டு பெற்றவையே என்றார். நண்பகலில் இரு முறைகளும் சந்திக்கும் அந்த 499-ஆம் ஆண்டை நினைக்கும்போது, பில்லாருடைய பக்கமே என் உள்ளம் சாய்கிறது.

எனினும் வானம் மனிதனுடைய வகுத்திகளுக்குக் கட்டுப்பட்டதன்று. நட்சத்திரங்களை நோக்கிய ஆண்டு 365.25636 நாள் என்று இன்று அளந்திருக்கிறார்கள். வாக்கிய ஆண்டு அதைக் காட்டிலும் ஏறத்தாழ 3 நிமிஷம் 20 வினாடி நீண்டது. சுமார் 430 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பிசகும். பருவங்களை நோக்கிய ஆண்டோடு ஒப்பிட்டாலோ அறுபது ஆண்டுகளுக்கு ஒரு நாள் விலகும். ஆர்யபடர் காலத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டியிருந்த ஆண்டுப் பிறப்பு ஏப்ரல் நடுவுக்கு வந்தது இவ்வாறே. மேகநாத் சாஹாவின் தலைமையில் 1952-இல் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதை எடுத்துக்காட்டியது. அதன் பரிந்துரையின்படி 1957 மார்ச் 22 முதல் சக ஆண்டுக் கணக்கை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கிரகணத்தையும் கிரக நிலையையும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும் திருக்கணிதமே அறிவுக்கு உகந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வாக்கியத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர், அதனுள்ளே இருக்கும் எண்ணியல் எவ்வளவு ஆழமானது என்பதை ஒருமுறையேனும் வகுத்துப் பார்த்த பிறகு பேசுவது நியாயம். பள்ளிகளில் மீப்பெரு பொது வகுத்தியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பொருளற்ற இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுவதற்குப் பதிலாக, 43,20,000-ஐயும் 157,79,17,500-ஐயும் எழுதி, மாணவரே 576-ஐக் கண்டுபிடிக்கும்படி விட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

கலி பிறந்தது முதல் 576 ஆண்டுச் சுற்றுகள் எட்டு முடிந்தது 1507-இல். ஒன்பதாவது சுற்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அது 5,184 கலியாண்டுகளும் 18,93,501 நாட்களும் பின்னமின்றி நிறைவுற, 2083-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி சனிக்கிழமை சூரியோதயத்தில் முடியும். அவ்வாண்டின் சித்திரைப் பிறப்பு, 1,237 கூறுகள் முன்னதாக, ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு கழிந்து விடியற்காலம் 2 மணி 27 நிமிஷத்தைத் தாண்டி நிகழும். அதற்கு அடுத்த ஆண்டு முதல் 149 கூறுகளின் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.